வீட்டுக்குள் பூனை சிறுநீர் அடிப்பது ஏன்? சாக்கைத் தேடுவதற்கு முன் சில விடயங்கள்

எம்மவர் வீடுகளில் பூனைக்குத் தனி இடம் உண்டு. குசினி வரை வரும், சாப்பாட்டு நேரத்தில் காலைச் சுற்றும், தொழுது கொண்டிருக்கும்போது முஸல்லாவின் ஓரத்தில் சுருண்டு படுக்கும். யாரும் விரட்டுவதில்லை. ஆனால் ஒரு விடயம் நடந்துவிட்டால் இந்தப் பாசம் ஒரே நாளில் தீர்ந்துபோகிறது. அலுமாரியின் பக்கத்திலோ கதவுச் சீலையிலோ பூனை சிறுநீரைப் பீச்சியடித்துவிட்டால், அந்த நாற்றம் மூக்கில் ஏறிய கணத்திலிருந்து வீட்டின் பேச்சே மாறிவிடும். "இது கெட்டுப்போன பூனை", "அடித்ததற்குப் பழிவாங்குகிறது", "இனி இந்த வீட்டில் தொழ முடியாது" என்பார்கள். இரண்டு மூன்று நாட்களில் பூனை சாக்குக்குள் போகும். ஓப்பநாயக்கவில் ஏற்றிய சாக்கு பலாங்கொடைப் பக்கமோ பெல்மதுளைப் பக்கமோ ஒரு மீன் கடையருகே அவிழ்க்கப்படும். வீட்டுக்காரர் நிம்மதியாகத் திரும்பி வருவார்.

இப்படிச் செய்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். தொழும் வீடு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நல்ல எண்ணமே பெரும்பாலும் இதற்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் பூனை ஏன் அப்படிச் செய்தது என்ற கேள்வியை அநேகமாக யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்டால் வீட்டையும் சுத்தமாக வைத்துக்கொள்ளலாம், பூனையையும் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இரண்டு வேறு செயல்கள்

முதலில் ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பூனை வீட்டுக்குள் சிறுநீர் கழிப்பதும், சிறுநீரால் அடையாளம் இடுவதும் ஒன்றல்ல.

அடையாளம் இடும் பூனை நின்றுகொண்டே அதைச் செய்யும். சுவர், கதவு நிலை, கதிரைக் கால் போன்ற நிமிர்ந்து நிற்கும் ஒன்றுக்குப் பின்புறத்தைக் காட்டி நிற்கும். வாலைச் செங்குத்தாகத் தூக்கும், வால் நுனி நடுங்கும், சிறிதளவு சிறுநீர் பின்னோக்கிப் பீச்சும். மண்ணைக் கிளறி மூடப் பார்க்காது. மறைப்பது அதன் நோக்கமே அல்ல. மற்றப் பூனையின் மூக்கு உயரத்தில் அந்த மணம் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் நிமிர்ந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது.

சாதாரணமாகச் சிறுநீர் கழிக்கும் பூனை குந்தி இருக்கும். தரை, விரிப்பு, மெத்தை, மடித்து வைத்த உடுப்பு என்று தட்டையான இடத்தில் கழிக்கும். அளவும் அதிகமாக இருக்கும். முஸல்லாவிலோ கட்டிலிலோ பெரிய ஈரம் தெரிந்தால் அது பெரும்பாலும் இந்த வகைதான். அதற்குக் காரணம் வேறு, வைத்தியமும் வேறு.

எனவே கோபப்படுவதற்கு முன் ஈரம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் வழிந்திருக்கிறதா, தரையில் தேங்கியிருக்கிறதா? பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

மணத்தால் எழுதும் கடிதம்

இன்றைய வீட்டுப் பூனை மத்திய கிழக்கிலும் வட ஆபிரிக்காவிலும் வாழ்ந்த காட்டுப் பூனையின் வழித்தோன்றல். அந்தக் காட்டுப் பூனை கூட்டமாக வாழும் பிராணி அல்ல. தனியாக அலைந்து, தனியாக வேட்டையாடி உண்ணும். இப்படித் தனித்து வாழும் ஒரு பிராணிக்கு மற்றொன்றை நேருக்கு நேர் சந்திப்பது ஆபத்து. சண்டையில் ஒரு காயம் பட்டால் வேட்டையாட முடியாது. வேட்டையாட முடியாவிட்டால் பட்டினிதான். ஆகவே சந்திக்காமலே செய்தி சொல்ல ஒரு வழி தேவைப்பட்டது. அந்த வழிதான் மணம்.

எமது மலைக்காடுகளில் உலாவும் சிறுத்தையும் மரத்தின் அடியில் இதே போல வாலைத் தூக்கிச் சிறுநீர் பீச்சித்தான் தன் நடமாட்டத்தை அறிவிக்கிறது. எங்கள் வீட்டுக் கடுவன் பூனை அலுமாரியில் செய்வதும் அதே வேலை.

அந்தச் செய்தியில் என்ன இருக்கிறது? நான் ஆணா பெண்ணா, துணை தேடும் நிலையில் இருக்கிறேனா, எப்போது இந்த வழியால் போனேன் என்பவை இருக்கின்றன. மணம் பழசாகப் பழசாக மாறுவதால், மற்றப் பூனை அதை மோந்து நேரத்தையும் கணித்துக்கொள்கிறது. சில வேளை பூனை எதையோ மோந்துவிட்டு வாயைச் சற்றுத் திறந்தபடி முகத்தைச் சுளித்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். மேல் அண்ணத்தில் இருக்கும் ஒரு தனிப்பட்ட மண உறுப்புக்கு அந்த வாடையை அனுப்பி வாசிக்கும் நேரம் அது.

அந்த நாற்றம் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்ற, கந்தகம் கலந்த ஓர் அமினோ அமிலம் இருக்கிறது. அது வெளியே வந்து சிதையும்போது கந்தக வாடையுள்ள பொருட்கள் உண்டாகின்றன. இந்த ஃபெலினின் உருவாவதில் பூனைச் சிறுநீரில் உள்ள கொக்சின் என்ற புரதத்திற்குப் பங்கு உண்டு என்பதை ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ மியாசாகியும் அவரது குழுவினரும் 2006 இல் விளக்கினார்கள். விதை நீக்கப்படாத ஆண் பூனையின் சிறுநீரில் ஃபெலினின் மிக அதிகம். பெட்டையிலும் விதை நீக்கப்பட்ட ஆணிலும் குறைவு. கடுவன் பீச்சிய வீட்டில் மட்டும் நாற்றம் தாங்க முடியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். பழிவாங்கும் எண்ணத்திற்கு இதில் இடமில்லை.

எந்த நேரத்தில் வீட்டுக்குள் வருகிறது?

வெளியே வேலியிலும் செடியிலும் அடையாளம் இடுவது பூனைக்குச் சாதாரணம். வீட்டுக்குள் இடத் தொடங்கினால், தன் இடம் உறுதியாக இல்லை என்று அது உணர்கிறது என்று பொருள். எங்கள் பக்கத்தில் அதற்குப் பொருந்தும் காரணங்கள் சிலவற்றைச் சொல்லலாம்.

முதலாவது, பருவம். ஆண் குட்டி ஏறத்தாழ ஆறு மாதம் கடந்த பின் பருவத்துக்கு வரத் தொடங்குகிறது. நேற்று வரை சாதுவாக இருந்த குட்டி திடீரென்று பீச்சத் தொடங்குவதற்கு இதுவே முதன்மையான காரணம். பெட்டையும் துணை தேடும் காலத்தில் அடையாளம் இடும். அதை எம்மவர் பலர் கவனிப்பதில்லை.

இரண்டாவது, வெளிப் பூனைகள். தோட்டத்து லயன்களில் ஒரே கூரை பல வீடுகளை மூடுகிறது. டவுனில் கடையும் வீடும் ஒட்டி ஒட்டி நிற்கின்றன. கூரை இடுக்கால் அடுத்த வீட்டுப் பூனை இறங்கி வந்து எங்கள் பூனையின் சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போகும். ஜன்னலுக்கு வெளியே நின்று முறைக்கும். கதவடியில், ஜன்னலுக்குக் கீழே, பின்கதவு நிலையில் அடையாளம் தொடர்ந்து விழுமானால் வெளியிலிருந்து வரும் பூனையைத்தான் தேட வேண்டும்.

மூன்றாவது, ஒரே வீட்டில் பல பூனைகள். ஒரு பெட்டை இரண்டு முறை குட்டி போட்டால் வீட்டில் ஏழெட்டுப் பூனை. ஒரே தட்டு, ஒரே படுக்கும் இடம் என்றால் வெளியே சண்டை தெரியாவிட்டாலும் உள்ளே நெருக்கடி இருக்கும்.

நான்காவது, மாற்றம். புதிய குழந்தை, புது அலுமாரி, வீட்டுத் திருத்த வேலை, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரின் பயணப் பை, வீடு மாறுதல் என்று எதுவாகவும் இருக்கலாம். பழகிய மணம் குறைந்து புதிய மணம் நிரம்பும்போது, பூனை தன் மணத்தைப் பூசி வீட்டை மீண்டும் தன் வீடாக்கப் பார்க்கிறது. பையிலும் சப்பாத்திலும் அடிப்பது அதனால்தான். நோன்பு காலத்தில் வீட்டின் நேர ஒழுங்கு மாறுவதும், பெருநாளைக்கு விருந்தினர் நிறைவதும் இந்த வரிசையில் சேரும். பூனை ஒழுங்கை விரும்பும் பிராணி.

மழையும் நோயும்

குந்தியிருந்து தரையில் கழிக்கும் வகைக்கு இரண்டு காரணங்களை முதலில் பார்க்க வேண்டும்.

ஒன்று, போக இடம் இல்லாமை. எங்கள் வீடுகளில் பூனைக்கென்று மணல் பெட்டி வைப்பது குறைவு. அது வெளியே போய்வரும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் இரத்தினபுரி மாவட்டத்து மழை எல்லோருக்கும் தெரியும். நாள் கணக்காகப் பெய்யும்போது, அல்லது இரவில் கதவெல்லாம் பூட்டியிருக்கும்போது, வெளியே நாய்கள் நிற்கும்போது பூனை எங்கே போகும்? காய்ந்த, மெதுவான இடத்தைத் தேடும். அது எங்கள் விரிப்பாக இருக்கும். இந்தக் குற்றத்தைப் பூனையின் மேல் போட முடியாது.

மற்றது, நோய். சிறுநீர்ப்பை அழற்சி, கல், நீரிழிவு, சிறுநீரக நோய் ஆகியவற்றால் பூனை கண்ட இடத்தில் கழிக்கலாம். அடிக்கடி போய்க் குந்துதல், சில துளி மட்டும் வருதல், முனகுதல், இரத்தம் கலந்திருத்தல், அந்த இடத்தையே நக்கிக்கொண்டிருத்தல் என்பன அறிகுறிகள். குறிப்பாக, ஆண் பூனை முக்கி முக்கிப் பார்த்தும் சிறுநீர் வரவில்லை என்றால் பாதை அடைபட்டிருக்கலாம். அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் அவசர நிலை. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வலிக்கிறது என்று மனிதருக்குரிய மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் வீடுகளில் எப்போதும் இருக்கும் பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு.

மார்க்கம் சொல்வது

பூனை விடயத்தில் எமக்கு வழிகாட்டல் இல்லாமல் இல்லை. அபூ கதாதா (ரழி) அவர்கள் வுழூ செய்வதற்காக அவர்களது மகனின் மனைவி கப்ஷா அவர்கள் தண்ணீர் எடுத்து வைத்தபோது ஒரு பூனை வந்தது. அது குடிக்கும்படி அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமானதல்ல, அது எம்மைச் சுற்றி வரும் பிராணிகளில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் எடுத்துச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் இச்செய்தி பதிவாகியிருக்கிறது.

ஆனால் இது பூனையின் உடலுக்கும் உமிழ்நீருக்கும் உரிய சட்டம். அதன் சிறுநீர் நஜீஸ் என்பதே எமது நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. நாய், பன்றி தொடர்பான கடும் நஜீஸில் அது சேராது. ஏழு முறை கழுவ வேண்டியதில்லை. மண் போட வேண்டியதில்லை. சிறுநீரை அகற்றி, அந்த இடத்தில் தண்ணீர் ஓடும்படி கழுவி, நிறமும் மணமும் சுவையும் போனால் போதும். முயன்று கழுவிய பிறகும் நீங்காமல் மணம் மட்டும் எஞ்சினால் அது மன்னிக்கப்படும். ஆகவே "இனி இந்த வீட்டில் தொழ முடியாது" என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. கழுவினால் தொழலாம்.

பள்ளிவாசலில் சிறுநீர் கழித்த நாட்டுப்புற அரபியின் சம்பவத்தையும் நாம் கேட்டிருக்கிறோம். ஸஹாபாக்கள் சத்தமிட்டுத் தடுக்கப் போனபோது நபி (ஸல்) அவர்கள் அவர்களை நிறுத்தினார்கள். அவர் முடித்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். அறியாமல் செய்த மனிதரிடமே அந்த நிதானம் காட்டப்பட்டது. அறிவு கொடுக்கப்படாத பிராணியிடம் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை அதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண் அதற்காகத் தண்டிக்கப்பட்ட செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. "நான் கட்டிவைக்கவில்லையே, அவிழ்த்துத்தானே விட்டேன்" என்று சிலர் சொல்லலாம். இங்கேதான் மேலே சொன்ன மணக் கணக்கை நினைக்க வேண்டும். மீன் கடை முன் நாம் அவிழ்த்துவிடும் இடம் வெற்று நிலம் அல்ல. அங்குள்ள ஒவ்வொரு சுவரிலும் ஏற்கனவே வேறு பூனைகளின் அடையாளம் இருக்கிறது. சொந்த இடம் உறுதியில்லை என்ற பயத்தில் அலுமாரியில் பீச்சிய பூனையை, எல்லாமே பிறர் இடமாக இருக்கும் ஓரிடத்தில் விடுகிறோம். தட்டில் போட்ட சோறும் மீனும் தின்று வளர்ந்த அதற்கு அங்கே வேட்டையும் தெரியாது, ஒதுங்கும் மூலையும் தெரியாது. மிருகங்களுக்குக் கொடுமை செய்வது இந்நாட்டில் 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படியும் குற்றம். ஆனால் பொலிஸுக்குப் பயப்பட முதல், நாம் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

செய்யக்கூடியவை

அடிக்க வேண்டாம். பூனையின் மூக்கைச் சிறுநீரில் தேய்க்கும் பழக்கமும் வேண்டாம். பயம் கூடினால் அடையாளம் இடுவதும் கூடும். முன்பு செய்த ஒன்றுக்காக இப்போது அடி விழுகிறது என்று இணைத்துப் பார்க்கப் பூனையால் முடியாது.

ஒரு வாரத்திற்கு ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். எந்த இடம், எந்த நேரம், நின்றா குந்தியா, அன்று வீட்டில் என்ன நடந்தது, வெளியே எந்தப் பூனை வந்தது என்று எழுதுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஆர்வத்தோடு செய்வார்கள். அநேக வீடுகளில் காரணம் அந்தக் கொப்பியிலேயே தெரிந்துவிடும்.

கழுவும் முறையும் முக்கியம். எமக்கு மணம் போய்விட்டது என்றால் பூனைக்கும் போய்விட்டது என்று பொருளல்ல. அதன் மூக்குக்கு மிச்சம் தெரிந்தால் அதே இடத்தில் மீண்டும் அடிக்கும். என்சைம் கலந்த சலவைத்தூளை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்துக் கழுவி, நல்ல தண்ணீர் ஓடவிட்டு, உலரவிடுங்கள். அமோனியா கலந்த திரவம் வேண்டாம், அதன் வாடை சிறுநீரின் வாடையை ஒத்தது. சிறுநீர் மேல் நேரடியாக ப்ளீச் ஊற்றினால் மூச்சுக்குக் கேடான வாயு உண்டாகும். பினாயில் போன்ற பீனோல் சேர்ந்த கிருமிநாசினிகள் பூனைக்கு நஞ்சு. அந்தத் தரையில் நடந்துவிட்டுக் காலை நக்கினாலே உடம்புக்குள் போய்விடும்.

சுத்தமான பருத்தித் துணியால் பூனையின் கன்னத்தை மெதுவாகத் தடவி, கழுவி உலர்ந்த மூலையில் அந்தத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். கன்னத்தால் உரசுவதும் பூனையின் ஓர் அடையாளமே. அது நிம்மதியின் அடையாளம். அந்த மணம் உள்ள இடத்தில் சிறுநீர் அடிப்பது குறையும். அந்த இடத்தில் சாப்பாட்டுத் தட்டை வைப்பதும் உதவும், சாப்பிடும் இடத்தை அசுத்தப்படுத்தப் பூனை விரும்பாது.

வெளிப் பூனை வரும் கூரை இடுக்கை அடையுங்கள். இரவில் சாப்பாட்டை வெளியே விடாதீர்கள். மழைக்காலத்தில் ஒரு பழைய பேசினில் மணலோ மரத்தூளோ போட்டு, சாப்பாட்டுக்குத் தூரமான ஒரு மூலையில் வையுங்கள். தினமும் அள்ளிச் சுத்தம் செய்யுங்கள். பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று அதிகமாகப் பெட்டி இருப்பது நல்லது என்பது மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு.

கருத்தடைச் சத்திரசிகிச்சை

ஆண் பூனை பீச்சுவதற்கு மிகவும் பயன் தரும் தீர்வு விதை நீக்கம்தான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெஞ்சமின் ஹார்ட் 1973 இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த கடுவன்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பதில் சிகிச்சைக்குப் பின் பீச்சும் பழக்கம் வெகுவாகக் குறைந்தது. பருவத்திற்கு முன்பே சிகிச்சை செய்யப்பட்ட பூனைகளை 1984 இல் ஆராய்ந்தபோது, ஆண்களில் 10 சதவீதமும் பெட்டைகளில் 5 சதவீதமும் மட்டுமே பிற்காலத்தில் அடிக்கடி பீச்சின.

மார்க்க ரீதியில் இதில் கருத்து வேறுபாடு இருப்பதை மறைக்கக் கூடாது. இறைச்சி உண்ணப்படாத பிராணிகளுக்கு விதை நீக்குவதை ஷாபிஈ மத்ஹபின் பழைய நூல்கள் தடுத்திருக்கின்றன. ஹனபி மத்ஹபில் பயன் இருந்தால் அனுமதி உண்டு. தற்கால அறிஞர்கள் பலர், தீங்கைத் தவிர்க்கும் தேவை இருந்து, பிராணிக்கு வதை இல்லாமல் செய்யப்பட்டால் கூடும் என்கிறார்கள். இன்று இது மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சத்திரசிகிச்சை. உங்கள் ஊர் ஆலிமிடமோ அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமாவிடமோ கேட்டு முடிவெடுங்கள். கேட்கும்போது மறுபக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிகிச்சை செய்யாவிட்டால் பூனைக்கு நடக்கப்போவது என்ன? குட்டிகளுக்கு நடக்கப்போவது என்ன? அந்தச் சாக்கையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

பிரதேச அரச மிருக வைத்திய அலுவலகத்தில் ஆலோசனை பெறலாம். சிக்கலான நோய் என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசியையும் போட்டுக்கொண்டு வாருங்கள். பூனைக்கும் அது அவசியம்.

பிள்ளைகள் பார்க்கிறார்கள்

கடைசியாக ஒன்று. வகுப்பில் உயிரினங்கள் மீது இரக்கம் என்ற பாடத்தை நடத்துவது இலகு. பரீட்சையில் பிள்ளைகள் அழகாக எழுதியும் விடுவார்கள். ஆனால் வீட்டில் வாப்பா சாக்கின் வாயைக் கட்டுவதைக் கண்ட பிள்ளைக்கு அந்தப் பாடம் எவ்வளவு நிற்கும்? தொந்தரவு கொடுக்கும் உயிரைத் தூக்கி எறியலாம் என்பதையே அது படிக்கிறது. நாளை வயதான ஒருவர் படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வீட்டில் அந்தப் பிள்ளை எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

மாறாக, கொப்பியில் குறித்து, காரணத்தைக் கண்டுபிடித்து, கூரை இடுக்கை அடைத்து, தரையைக் கழுவித் தொழுத வீட்டில் வளரும் பிள்ளை, கோபம் வரும்போது முதலில் "ஏன்?" என்று கேட்கப் பழகும். எம்மைச் சுற்றி வரும் இந்தச் சிறிய உயிர்களை அமானிதமாகப் பார்க்கும் மனதை அல்லாஹ் எம் அனைவருக்கும் தருவானாக.

- ஓப்பநாயக்கவிலிருந்து ஓர் ஆசிரியர்